காவலும் கணக்கும்

வாசுதேவநல்லூர் என்றதும் சிலருக்கு அர்த்தநாரீசுவரர் கோயில் நினைவுக்கு வரும். பலருக்குப் பூலித்தேவரின் கோட்டை நினைவுக்கு வரும். 1760-ல் யூசுப்கான் முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியதும், 1767-ல் காம்ப்பெல் என்ற ஆங்கிலேயத் தளபதி அக்கோட்டையைக் கைப்பற்றியதும் பிரசித்தமான கதைகள். ஆனால் அவ்வூர் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் என் மனத்தில் எழுவது வேறொரு கேள்வி. பீரங்கிச் சத்தம் கேளாத சாதாரண நாட்களில் இங்கே களத்து நெல்லையும் தொழுவத்து மாட்டையும் காத்தவன் யார்? அவனுக்குக் கூலி கொடுத்தவர் யார்?

ஊர்தான் கொடுத்தது. சோழ பாண்டியர் கல்வெட்டுக்களிலேயே ‘பாடிகாவல்’ என்ற வரி காணப்படுகிறது. பாளையக்காரர் காலத்துத் திருநெல்வேலிச் சீமையில் ஓர் ஊருக்கு ஸ்தலகாவல், பல ஊர்களுக்கும் பாதைகளுக்கும் தேசகாவல் என இரண்டு இருந்தன. குடியானவர்கள் தானியமாகவோ பணமாகவோ காவற்கூலி அளந்தார்கள். அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு: களவு போன பொருளைக் காவல்காரன் மீட்டுத் தரவேண்டும், இயலாவிட்டால் அதன் விலையைத் தானே ஈடு செய்யவேண்டும்.

அக்காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. கூலி தராத ஊரில் களவு பெருகியதும் உண்டு. காவல் என்ற பேரால் மிரட்டிப் பணம் பறித்ததும் உண்டு. அதைக் காரணம் காட்டியே கும்பினியார் பாளையக்காரரின் காவல் உரிமையைப் பறித்தார்கள். அத்துடன், “எங்கள் பொருள் எங்கே?” என்று கேட்கும் ஊராரின் உரிமையும் போயிற்று. 1859-ல் சென்னை ராஜதானிக்கென்று போலீஸ் சட்டம் பிறந்தது. 1865-ல் வந்த நகர அபிவிருத்திச் சட்டமோ போலீஸ் செலவில் பெரும்பங்கை நகரசபைகளின் தலையில் கட்டியது. பணம் நகரசபையுடையது, அதிகாரம் சர்க்காருடையது! நகரசபைகளைப் போலீஸ் செலவிலிருந்து விடுவித்து, அப்பணத்தைக் கல்விக்கும் வைத்தியத்துக்கும் திருப்பவேண்டும் என்று 1882-ல் ரிப்பன் பிரபு கூறியது நியாயமே.

இன்று வாசுதேவநல்லூர், 2019-ல் உதயமான தென்காசி ஜில்லாவில் ஒரு பேரூராட்சி. நமது அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணை நகராட்சி அமைப்புகளுக்கு 18 காரியங்களை வகுத்திருக்கிறது. தெருவிளக்கு அதில் அடங்கும், போலீஸ் அடங்காது. அது மாநில அரசின் பொறுப்பு. ஆகவே விளக்கு பேரூராட்சியுடையது. விளக்கடியில் நிற்கும் போலீஸ்காரர் அரசாங்கத்துடையவர். இவ்விருவருக்கும் நடுவே இப்போது காமிரா வந்திருக்கிறது.

நான் வசிக்கும் சிற்றூரிலும் காமிராவுக்குச் சந்தா கேட்டு வந்தார்கள். மகிழ்ச்சியுடன் கொடுத்தேன். சில மாதங்களில் எங்கள் தெருக்கோடிக் காமிரா கண்ணை மூடிக்கொண்டது. வசூலித்தவர்களைக் கேட்டால் போலீஸாரைக் காட்டினார்கள். போலீஸார் பேரூராட்சியைக் காட்டினார்கள். பேரூராட்சியார் மீண்டும் வசூலித்தவர்களையே காட்டினார்கள். அந்தக் காமிராவைத் தவிர மற்ற எல்லாரும் எதையோ காட்டிக்கொண்டிருந்தார்கள்!

கணக்குச் சொல்லும் பொறுப்பு இல்லாத கூட்டுறவு இதைவிடப் பெரிய ஆபத்தையும் விளைவிக்கும். 1993-ல் ராமநாதபுரத்தில் போலீஸ் அதிகாரி பிரதீப் பிலிப் ‘போலீஸ் நண்பர்கள்’ என்ற அமைப்பை நல்ல நோக்கத்துடன் தொடங்கினார். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸாரிடம் அடிபட்டு உயிர் துறந்தபின், அவ்வமைப்பின் மீதும் புகார்கள் எழுந்தன. அடுத்த மாதமே அரசாங்கம் அதற்குத் தடை விதித்தது. அந்த நண்பர்கள் போலீஸாருக்கு உதவினார்களே தவிர, ஊர்ச் சபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக இல்லை.

இங்கிலாந்தில் 1998-ல் இயற்றிய சட்டம், குற்றங்களைக் குறைப்பதற்குப் போலீஸாரும் உள்ளூர்ச் சபைகளும் சேர்ந்தே திட்டம் வகுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. நாமும் அதற்கேற்ற வழி காணலாம். லத்தியைப் பேரூராட்சித் தலைவர் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. அது பழைய பாளையத்தையே திரும்ப அழைப்பதாகும். காவலுக்கென்று ஊர் தரும் பணம் பேரூராட்சியின் வரவு செலவில் ஏறட்டும். மூன்று மாதத்துக்கொருமுறை போலீஸ் அதிகாரி சபைக்கு வந்து, எத்தனை களவு நடந்தது, எத்தனை பொருள் மீண்டது, எத்தனை காமிரா விழித்திருக்கிறது என்று சொல்லட்டும். பழைய காவல்காரன் ஈடு கொடுத்தான். இன்றைய காவலர் கணக்காவது கொடுக்கலாமல்லவா? சுயராஜ்யத்தில் ஊரார் அதைக் கேட்பது தவறாகாது.