பெட்டியில் இல்லாத நிறம்

மே மாதம் முதல் நாள் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1955-ஆம் ஆண்டில் இதனை ஏற்படுத்தினார். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட இந்நிலப்பரப்பில், வீட்டுக்கு ஒருவரேனும் தொழிற்சாலைக்குச் சென்றுவரும் குடும்பங்களின் நடுவே, அது நாட்காட்டியோடு நின்றுவிடும் திருநாள் அன்று. எனவே ஏப்ரல் மாத மறைக்கல்வி வகுப்புகளில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். அவரவர் வீட்டில் உழைப்பவர் ஒருவரின் முகத்தை வரைய வேண்டும். படங்களைத் திருநாளன்று கோயில் முகப்பில் மாட்டுவோம் என்று அறிவித்தோம். அந்தச் சிறு ஏற்பாடு நம்மை எங்கெல்லாம் இட்டுச் சென்றது என்பதையே இங்கு எழுத முற்படுகிறோம்.

வரைவதற்கு ஆயில் பேஸ்டல் பெட்டிகள் பன்னிரண்டு வாங்கினோம். நீர் வேண்டாம், தூரிகை வேண்டாம், வெள்ளை உடுப்பில் கொட்டிவிடுமோ என்ற அச்சமும் வேண்டாம். மெழுகோடும் உலராத எண்ணெயோடும் நிறப்பொடியைச் சேர்த்துக் குச்சியாக வார்த்திருப்பார்கள். 1925-ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமான சகுரா இதனைப் பள்ளிப்பிள்ளைகளுக்காகவே செய்து வெளியிட்டது. பிள்ளைகளின் கைப்பொருளாய்ப் பிறந்த இக்குச்சி, 1949-இல் பிக்காசோவின் பொருட்டு பாரிசு நகரின் செனலியே கடையாரால் உயர்தரமாகச் செய்யப்பெற்றுப் பெரிய ஓவியரின் கைக்கும் சென்றது. நாம் வாங்கியது அத்தகையது அன்று. பேருந்து நிலையத்தருகே உள்ள புத்தகக்கடைச் சரக்குதான். சித்திரை வெயிலில் குச்சிகள் விரலோடு ஒட்டிக்கொண்டன.

முதல் ஞாயிறன்று வகுப்பறையில் ஓர் இழுபறி. பெட்டிக்கு இருபத்துநான்கு குச்சிகள் இருந்தும், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே குச்சியே தேவைப்பட்டது. “பாதர், ஸ்கின் கலர் தீர்ந்துபோச்சு” என்று ஒரு சிறுமி அழாக்குறையாக வந்து நின்றாள். அவள் குறிப்பிட்டது வெளிறிய ரோஜா நிறக் குச்சியை. மற்றக் குச்சிகள் முனை மழுங்காமல் கிடக்க, அது ஒன்று மட்டும் பெட்டிதோறும் விரல்நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தது. படங்களைப் பார்த்தோம். வெல்டிங் பட்டறையில் வேலைபார்ப்பவரும், லாரி ஓட்டுபவரும், ஜார்க்கண்டிலிருந்து வந்து கட்டட வேலை செய்பவரும், கம்பெனி விடுதியில் சமைக்கும் தாயும் ஒரே ரோஜா நிற முகத்தோடு நம்மைப் பார்த்துச் சிரித்தனர்.

நாமும் அதில் குறையொன்றும் காணவில்லை என்பதே உண்மை. “நன்று, நன்று” என்று தட்டிக்கொடுத்துவிட்டோம். வகுப்பு முடிந்து பிள்ளைகளை அழைத்துப்போகப் பெற்றோர் வந்தனர். இரவு ஷிப்ட் முடித்து உறங்காமல் நேரே திருப்பலிக்கு வந்திருந்த ஒரு தந்தையிடம் அவருடைய மகள் படத்தை நீட்டினாள். நல்ல கறுத்த மேனியர் அவர். படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “யாரு பாப்பா இது? எங்க கம்பெனி கொரியா சாரா?” என்று கேட்டார். அருகிலிருந்தோர் சிரித்தனர், அவரும் சிரித்தார். சிறுமி சிரிக்கவில்லை. “நீதாம்பா” என்றாள். அவர் சிரிப்பை நிறுத்தி, படத்தை மடிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். அந்த “நீதாம்பா” அன்று மாலை வரையில் நம் காதில் இருந்தது.

உருவம் வடிப்பதில் இவ்வூருக்கு ஒரு பழைய கதை உண்டு. வைணவப் பெரியார் இராமாநுசர் 1017-இல் பிறந்த ஊர் இது. அவர் உயிரோடிருந்த காலத்திலேயே அவருடைய திருவுருவைச் சமைத்து இங்கு நிறுவினர் என்றும், அவரே அதனைக் கண்டு உவந்தார் என்றும் மரபு கூறுகிறது. அதனால் அதற்குத் ‘தானுகந்த திருமேனி’ என்று பெயர். நம் சமயத்தது அன்றாயினும் அப்பெயர் நம்மைச் சிந்திக்க வைத்தது. தன் உருவத்தைக் காண்பவன் தன்னை அதில் கண்டு உவக்க வேண்டும். அந்தத் தந்தை தம் மகளின் படத்தில் தம்மைக் காணவில்லை.

கொரியா என்றது விளையாட்டுச் சொல்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. கொரிய நாட்டவர் இங்கு அயலார் அல்லர். ஆனால் இந்தக் குச்சியைப்பற்றித் தேடிப் படித்தபோது, அதே நாட்டில் இதே குச்சி ஒரு வழக்காகவே ஆயிற்று என அறிந்து வியந்தோம். அங்கும் ஒரு நிறத்துக்குத் ‘தோல் நிறம்’ என்றே பெயர். அங்கு வாழ்ந்த வெளிநாட்டவர் சிலர் 2001-இல் அந்நாட்டு மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டனர். தங்கள் தோல் தோல் இல்லையா என்பதே கேள்வி. 2002-இல் பெயரை மாற்றும்படி ஆணையம் பரிந்துரைத்தது. ‘இளம் ஆரஞ்சு’ என்னும் பொருள்பட, சீன எழுத்து வழிவந்த கடினமான சொல்லொன்றை இட்டனர். அதன்பின் நடந்ததுதான் சுவையானது. 2004-இல் அந்நாட்டுப் பிள்ளைகளே ஆணையத்துக்கு எழுதி, “எங்களுக்கு விளங்காத பெயர் எதற்கு?” என்று கேட்டனர். அடுத்த ஆண்டில் அது ஆப்ரிகாட் பழத்தின் நிறமாயிற்று. பெரியவர்களின் ஆணையத்தைப் பிள்ளைகள் திருத்திய செய்தி நம் மறைக்கல்வி மாணவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அமெரிக்க நாட்டில் கிரயோலா நிறுவனம் 1962-இலேயே ‘சதை’ என்ற பெயரைப் ‘பீச்’ எனப் பழத்தின் பெயராக்கிவிட்டது. நம் நாட்டுப் பிள்ளைகளின் வாயில் மட்டும் இன்னும் அது ‘ஸ்கின் கலர்’. நாடெங்கும் பழுப்பும் கறுப்புமாய் மக்கள் நிறைந்திருக்க, இதில் என்ன நியாயம்?

நியாயம் கேட்கும் தகுதி நமக்கு உண்டா என்பது வேறு. குருமட நாட்களில் கிறிஸ்து பிறப்புக் குடில் அமைக்கும் குழுவில் நாம் இருந்தோம். களிமண்ணிலும் சாந்திலும் செய்த சுரூபங்களுக்கு ஆண்டுதோறும் வண்ணம் தீட்டுவது நம் பொறுப்பு. வெள்ளையில் ஒரு துளி சிவப்பும் ஒரு துளி மஞ்சளும் கலந்தால் ‘சதை நிறம்’. திருக்குடும்பத்துக்கு அது, இடையருக்கும் அது. மூன்று அரசர்களில் ஒருவருக்கு மட்டும் கறுப்பு எனாமல். ஆட்டுக்குட்டியைத் தூக்கிநிற்கும் இடையன் நம் ஊர்க் கீதாரியைப்போல் இருக்கலாகாதா என்று ஒருமுறையும் நமக்குத் தோன்றியதில்லை. கோவாவில் 1902-இல் பிறந்த ஆஞ்சலோ த பொன்சேக்கா என்னும் கத்தோலிக்க ஓவியர் சாந்திநிகேதனில் பயின்று, அன்னை மரியாளைச் சேலை கட்டிய இந்தியத் தாயாகவே தீட்டினார் என்பதைக் குருவான பின்னரே அறிந்தோம். அதற்காக அவர் சொந்த ஊரில் வசை கேட்டு, புனே நகருக்குச் சென்று வாழ்ந்தார்.

இரண்டாம் ஞாயிறுக்கு, பங்கிலுள்ள ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவரை வேண்டி அழைத்தோம். வந்தவர் முதலில் வெள்ளைத் தாள்களையெல்லாம் எடுத்துவைக்கச் சொன்னார். இத்தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. பழைய பெட்டிகள் சிலவற்றைப் பிரித்துத் துண்டுகளாக்கினார். “அட்டையின் பழுப்பே பாதி முகம், மீதியைத்தான் நாம் போடவேண்டும்” என்றார். அது எவ்வளவு பெரிய உண்மை! வெள்ளைத் தாளில் கறுத்த முகத்தை எழுப்ப மெழுகை அப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பழுப்பு அட்டையிலோ நிழலுக்கு அடர் நிறமும் ஒளிக்கு வெளிர் நிறமும் இட்டாலே முகம் எழுந்துவருகிறது.

அடுத்து, கறுப்புக் குச்சியைப் பெட்டியிலிருந்து நீக்கிவிட்டார். கறுத்த மேனிக்குக் கறுப்பைத் தேய்த்தால் முகம் கரிச்சட்டியாகிவிடுமாம். அடியில் மண் மஞ்சளும் ஆரஞ்சும் மெல்லத் தடவி, மேலே செங்காவியும் கரும்பழுப்பும் ஏற்றி, கண்குழியிலும் தாடையின் கீழும் கருநீலமோ கத்தரிப்பூ நிறமோ இட்டு விரலால் இழைக்க வேண்டும். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் டியூப்லைட்டின் ஒளி விழும் இடத்தைப் பார்த்தால் அங்கே இளநீலம் தெரியும். தெரிகிறதா என்று அவர் கேட்டதும் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் உற்றுப் பார்த்த காட்சி மறக்கற்பாலதன்று. “பாதர், உங்க மூக்குல பச்சை இருக்கு” என்றான் ஒருவன். மயிரிழைக்குக் கரும்பழுப்பின்மேல் காம்பஸ் முனையால் கீறினார்கள். ஒருவன் இழைப்பதற்கு எளிய வழி என்று வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து, அட்டையைப் பஜ்ஜி சுற்றிய காகிதமாக்கினான்.

மாஸ்டரின் கடைசி விதிதான் கடினமானது. நினைவிலிருந்து வரையக்கூடாது, வரையப்படுபவர் அரைமணி நேரம் எதிரே உட்கார வேண்டும். இப்பகுதியில் அரைமணி நேரம் யாரிடம் இருக்கிறது? தந்தை இரவு ஷிப்ட், தாய் பகல் ஷிப்ட்; கம்பெனிப் பேருந்து வருவதும் போவதுமே வீட்டின் கடிகாரம். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கொண்டுவந்த படத்தில் தாயின் கண்கள் மூடியிருந்தன. ஏனென்று கேட்டோம். “அம்மா முழிச்சிருக்கும்போது ஒரு இடத்துல இருக்காது பாதர், தூங்கும்போதுதான் வரைஞ்சேன்” என்றாள். நெற்றிப்பொட்டு சற்று விலகியிருந்ததையும் அவள் விட்டுவைக்கவில்லை. அத்தாயை நாம் ஞாயிறுதோறும் நற்கருணை வரிசையில் காண்கிறோம். அம்முகத்தின் களைப்பை அந்தப் படத்தில்தான் முதன்முதலாகக் கண்டோம்.

வீட்டில் எவரும் உட்கார இயலாத பிள்ளைகளுக்காக, கோயில் வளாகத்தைப் பெருக்கும் பாட்டியை நாற்காலியில் அமர்த்தினோம். “என்னை எதுக்கு சாமி? நல்லா இருக்கிறவங்க யாரையாவது உட்கார வையுங்க” என்று எழப்பார்த்தார். மாஸ்டர் விடவில்லை. முதல் ஐந்து நிமிடம் கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு மடியில் வைத்துக்கொண்டார். நான்கு பிள்ளைகள் நான்கு பக்கமிருந்து அவரைப் பார்த்தனர். அப்படி எவரும் அவரைப் பார்த்ததில்லை போலும். முந்தானையால் அடிக்கடி முகத்தைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் நான்கு அட்டைகளையும் வாங்கி நெடுநேரம் பார்த்து, ஒன்றைத் தனியே எடுத்து, “இது எங்க அம்மா” என்றார்.

திருநாளன்று படங்களை மாட்டினோம். கொரியா சாராகிப்போன அந்தத் தந்தையும் புதிய படத்தின் முன் மகளை நிறுத்திக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். எல்லாரும் மகிழ்ந்தனர் என்று எழுத ஆசைதான். ஆனால் ஒரு தாய் நம்மிடம் தனியே வந்து, தம் மூத்த மகளின் படத்தை எடுத்துவிடும்படி மெல்லக் கேட்டார். தம்பி அக்காளை வரைந்த படம் அது. கூட்டத்திலேயே சிறந்தது என்றும் சொல்லலாம். “இவ்வளவு கறுப்பாப் போட்டிருக்கான் சாமி. பொண்ணு பார்க்க வரப்போறாங்க, நாலு பேர் பார்த்தா என்ன ஆகும்?” என்றார். நம்மிடம் விடை இல்லை. மணமக்கள் தேவை என்று வரும் விளம்பரங்களில் ‘சிவந்த நிறம்’, ‘மாநிறம்’ என்ற சொற்களை நாமும் வாசித்து, ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தவர்தாமே. இனிமைமிகு பாடலின் மணமகள் தன் கருமையை மறைக்கவில்லை என்று அவரிடம் எடுத்துச்சொல்வது எளிது. மகளுக்கு வரன் தேடும் துன்பம் நமக்கு இல்லையே. படத்தை எடுத்துக் கொடுத்தோம். அந்தப் பையன் வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இன்னும் நாம் ஒரு விளக்கம் கடன்பட்டிருக்கிறோம்.

இதையெல்லாம் நாம் இவ்வளவு மனத்தில் ஏற்றிக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நம் குருப்பட்டத்தின்போது நம் தாயாரை ஒரு ஸ்டுடியோவில் நிறுத்திப் படமெடுத்தோம். தாயார் வயலில் நடவு நட்டு நம்மைப் படிக்க வைத்தவர்; வெயில் அவர் மேனியில் குடியிருந்தது. கடைக்காரர் தம் தொழில் திறமையைக் காட்டி முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்தார். “உங்கம்மாவை ராணி மாதிரி ஆக்கிட்டேன்” என்றார். நாமும் மகிழ்ந்து பணம் கொடுத்துச் சட்டமிட்டு மாட்டினோம். தாயார் மட்டும் அதனை ஒருமுறை பார்த்துவிட்டு, “நல்லாயிருக்கு” என்று அடுப்படிக்குள் போய்விட்டார். அவர் இறந்தபின் நம்மிடம் எஞ்சியிருக்கும் தெளிவான படம் அது ஒன்றே.

திருநாள் முடிந்த இரவுகளில், மிஞ்சிய குச்சிகளையும் ஓர் அட்டைத் துண்டையும் வைத்துக்கொண்டு தாயாரின் முகத்தை வரைய அமர்ந்தோம். மூக்குத்தி நினைவிருக்கிறது, தண்டட்டி இழுத்த காதுமடல் நினைவிருக்கிறது, மேனியின் நிறம் மட்டும் கைக்கு வரவில்லை. சட்டத்துக்குள் இருக்கும் அந்த வெளுத்த முகம் இடையே வந்து நின்றுகொள்கிறது. ஆயில் பேஸ்டல் முற்றிலும் உலர்வதில்லை என்பது ஒரு வசதி. எத்தனை நாள் கழித்தும் மேலே ஏற்றலாம். தவறினால் சுரண்டி எடுக்கலாம். ஒவ்வோர் இரவும் மேலே பட்டர் பேப்பரைப் போர்த்தி அலமாரியில் வைத்தோம்.

சென்ற வாரம் நம் தமக்கையார் பங்கு இல்லத்துக்கு வந்திருந்தார். அட்டையை எடுத்துக் காட்டினோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு பார்த்தார். “கண்ணு அம்மா கண்ணுதான். ஆனா அம்மா இதைவிடக் கறுப்பு, சாமி” என்றார். நாம் மீண்டும் கரும்பழுப்புக் குச்சியை எடுத்தோம். அவர் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்த இடத்தில் என்று விரலால் காட்டத் தொடங்கினார்.