அதற்கு அவள் என்ன சொன்னாள்?

மனையறம்படுத்த காதையை நடத்தி முடித்த ஒரு பிற்பகலில், கீழ்வேளூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "கோவலன் இவ்வளவு புகழ்ந்தானே ஐயா, அதற்கு அவள் என்ன சொன்னாள்?" சிலப்பதிகாரத்தை நாடகக் காப்பியம் என்று ஆண்டுதோறும் அறிமுகப்படுத்தும் நமக்கு அக்கேள்வி ஒருமுறையும் தோன்றியதில்லை. வெட்கந்தான்.

கோவலன் சொல்வது கொஞ்சமன்று. சிவன் தன் பிறையை அவளுக்கு நெற்றியாகத் தரவேண்டுமாம். மன்மதன் கரும்புவில்லைப் புருவமாகவும், இந்திரன் வச்சிரத்தை இடையாகவும், முருகன் வேலைக் கண்களாகவும் தந்துவிட்டார்களாம். பிறை நீங்கலாக மற்றவை படைக்கலங்கள். பன்னிரண்டு வயதில் மணமான பெண்ணுக்கு இத்தனை ஆயுதங்களா? அவள் மதுரையை எரிக்கப் போகிறவள் என்பது இளங்கோவுக்குத் தெரியும், கோவலனுக்குத் தெரியாது.

அவள் நடைக்குத் தோற்ற அன்னம் வயல் மலர்களுக்குள் ஒளிந்துகொண்டதாம். கீழ்வேளூர் வயல்களில் கொக்கும் நாரையும் மட்டுமே திரிவதற்கு இதுவே காரணம் என்று வகுப்பைச் சிரிக்கவைப்பதுண்டு. பிறகு பொன், முத்து, கரும்பு, தேன் என்று அடுக்குகிறான். வணிகன் மகனுக்குப் பழகிய சரக்குகள். அவையும் போதாமல், மலையில் பிறவாத மணி, கடலில் பிறவாத அமிழ்து, யாழில் பிறவாத இசை என்று எதிர்மறைக்கு வந்து நிற்கிறான். அவன் காதல் மெய்யென்று நாம் நம்புவது, உவமைகள் இப்படித் தோற்குமிடத்தில்தான்.

ஷேக்ஸ்பியரின் ரோமியோவும் ஜூலியட்டைக் கதிரவன் என்கிறான். ஆனால் அவன் நிலவின்மீது ஆணையிட முற்படுகையில், மாதந்தோறும் மாறுகிற அதன்மீது வேண்டாம் என்று அவள் தடுத்துவிடுகிறாள். கண்ணகிக்கோ அக்காதை முழுவதிலும் ஒரு சொல்கூட இல்லை.

கணவனிடம் அவள் பேசி நாம் கேட்பது ஒன்பதாம் காதையில். பொருளிழந்து நாணி நிற்பவனிடம், சிலம்புகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளும் என்கிறாள். அவ்வளவே. மாணவி கேட்ட பதில் பதினாறாவதான கொலைக்களக் காதையில் இருக்கிறது. மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில் சமைத்துப் பரிமாறி, வெற்றிலையும் கொடுத்த பிறகு சொல்கிறாள்: நீர் மேற்கொண்டது போற்றத்தகாத ஒழுக்கம்.

அதைக் கேட்டபின் கோவலன் மறுபடியும் புகழ்கிறான். பொன் என்கிறான், கொடி என்கிறான், உலகுக்கு விளக்கு என்கிறான். தெய்வங்களையும் ஆயுதங்களையும் காணோம். சுற்றத்தையும் தோழியரையும் விட்டு என்னோடு வந்து என் துயர் களைந்தவள் நீ என்கிறான். அன்று சொன்னதெல்லாம் தேவர்கள் அவளுக்குக் கொடுத்தது. இன்று சொல்வது அவள் செய்தது. சொல்லிவிட்டு ஒற்றைச் சிலம்போடு கடைத்தெருவுக்குப் போகிறான். இருமுறையும் அவளைப் பொன் என்றழைத்தவன் எதிரே வருகிறான் பொற்கொல்லன்.

அடுத்த வகுப்பில் அம்மாணவியிடம் இந்தப் பதிலைச் சொன்னோம். சற்று யோசித்துவிட்டு, "ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொல்லியிருக்கா ஐயா" என்றாள்.