என்ன கலர் வேணும் என்று கேட்ட அக்காமார்களுக்கு

எங்கள் தெருத் திண்ணையில் சனிக்கிழமைதோறும் ஒயர் கூடை பின்னும் பூக்கார அக்காவுக்கும், சத்துணவு அக்காவுக்கும், மூலைவீட்டு மதினிக்கும், அப்பத்தாவுக்கும் வணக்கம்.

இதை உங்கள் எதிரில் உட்கார்ந்து சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு முறை வாயெடுத்தும் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன். ஊரறிய எழுதுவதற்கும் காரணம் உண்டு. என்னைப்போல் போன இடத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் பல தெருக்களில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் வாசலிலும் உங்களைப்போல் நாலு பேர் உட்கார வேண்டும்.

ஒரு குருவின் ஆசிரமத்தில் 11 வருஷம் இருந்தேன். அப்பா தவறிய வருஷம், 24 வயதில், மூன்று நாள் தியான வகுப்புக்கென்று போனவள். மூன்று நாள் மூன்று மாதமாயிற்று. வேலையை விட்டேன், நகையைக் கழற்றிக் கொடுத்தேன், அம்மாவிடம் போனில் பேசுவதை நிறுத்தினேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. எல்லாவற்றையும் நானே விரும்பிச் செய்வதாகத்தான் நம்பினேன். அம்மா நினைப்பு வந்தால் அது ‘பந்தம்’. மனதில் ஒரு கேள்வி எழுந்தால் அது ‘அகந்தை’. காய்ச்சலில் படுத்தால் ‘கர்மா கழிகிறது’. இந்த மூன்று சொல் போதும், அதற்குமேல் யோசனை ஓடாது.

அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1950களில் ஹாங்காங்கில் தங்கி, சீனாவின் ‘சிந்தனைச் சீர்திருத்த’த்துக்கு ஆளாகி வெளியே வந்தவர்களிடம் பேசினார். 1961-ல் அதை நூலாக எழுதினார். மனிதரை முழுதாக வசப்படுத்தும் இடங்களுக்கு எட்டு அடையாளங்களை அதில் சொல்கிறார். செய்த தவறுகளைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துக்கொண்டே இருப்பது ஒன்று. எதைக் கேட்டாலும் தேய்ந்த சில சொற்களைப் போட்டுப் பேச்சை முடித்துவிடுவது இன்னொன்று. அதைப் பற்றி வாசித்த இரவு நான் தூங்கவில்லை. எங்கள் சத்சங்கக் கூடத்தின் மூலையில் அவர் உட்கார்ந்து பார்த்து எழுதியதைப்போல இருந்தது. எனக்கு நடந்ததற்கு ஒரு பெயர் உண்டு என்று காட்டியவர் அவர். அவருக்கும் என் நன்றி.

ஆனால் பெயர் தெரிந்துவிட்டால் மட்டும் பொழுது விடிந்துவிடுவதில்லை. வீடு திரும்பிய புதிதில், காலையில் பல் விளக்கிவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் முற்றத்திலேயே நின்றிருக்கிறேன். ஆசிரமத்தில் மணி அடிக்கும். அடித்தால் எழ வேண்டும், அடித்தால் சாப்பிட வேண்டும். இங்கே மணி இல்லை. இட்லியா தோசையா என்று அம்மா கேட்டால் அழுகை வரும்.

அப்படி நின்ற ஒரு சனிக்கிழமைதான் அப்பத்தா கூப்பிட்டது. “ஏத்தா, சும்மாதான நிக்கிற, இங்கிட்டு வந்து உக்காரு.” உட்கார்ந்தேன். முன்னால் ஒயர் ரோல்கள் கிடந்தன. “ஒனக்கு என்ன கலரு வேணும்?”

11 வருஷம் வெள்ளை மட்டுமே உடுத்தியவளுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ. நீங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை, நீங்களே ஒன்றை எடுத்து என் கையில் திணிக்கவும் இல்லை. உங்கள் பாட்டுக்கு ரேஷன் கடை அரிசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் கத்தரிப்பூ நிறத்தைத் தொட்டேன். “நல்ல கலரு,” என்று சொல்லி மதினி வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாவது வாரம் அடியிலேயே ஒரு முடிச்சை மாற்றிப் போட்டு, ஐந்து வரிசை ஏறியபிறகுதான் கவனித்தேன். கை நடுங்கிற்று. அங்கே தவறு என்றால் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். பூக்கார அக்கா கூடையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். “பிரிச்சுப் போடு. ஒயரு எங்க போயிரப் போகுது?” என்று திருப்பித் தந்துவிட்டார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் முழுக்கப் பிரித்தேன். பிரித்த ஒயரில் முடிச்சு விழுந்த இடமெல்லாம் மடங்கியே இருந்தது. நகத்தால் நீவி நீவி அதே ஒயரில் மறுபடி அடி போட்டேன். அந்தத் தழும்பு இன்றும் கூடையின் அடியில் தெரிகிறது.

என்னை ஊர் பார்க்க வைத்தவர்களும் நீங்கள்தான். பெண்கள் டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போகலாம் என்று 2021 மே மாதம் அரசு அறிவித்ததன் அருமை, கையில் ஐந்து ரூபாய் இல்லாமல் அம்மாவை எதிர்பார்த்திருந்த எனக்குத் தெரியும். திருப்பரங்குன்றம் போனோம், அழகர்கோவில் போனோம். கீழக்குயில்குடியில் சமணர் மலையடிவாரத்துத் தாமரைக் குளத்தங்கரையில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். “வரும்போது வரும்,” என்றீர்கள்.

கீழடிக்குப் போன நாளைத் தனியாகச் சொல்ல வேண்டும். அருங்காட்சியகம் திறந்தது 2023 மார்ச்சில். நாம் போனபோது நல்ல கூட்டம். 2,000 ஆண்டுக்கும் மேல் பழைய பானை ஓடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன் ஆதன்’ என்று ஆட்களின் பெயர் கீறியிருப்பதைச் சத்துணவு அக்கா எனக்குக் காட்டினார். “பாத்தியா, தன் சட்டியில தன் பேர எழுதி வச்சிருக்கான்.” எனக்கு ஆசிரமத்தில் வேறு பெயர் வைத்திருந்தார்கள். வெளியே வந்து ஒரு வருஷம் ஆகியும், கையெழுத்துப் போடும்போது பேனா அந்தப் பெயரின் முதல் எழுத்துக்கே போகும். அன்று வீடு திரும்பியதும் கத்தரிப்பூக் கூடையின் கைப்பிடியில் அப்பா வைத்த பெயரை மார்க்கரால் எழுதினேன். அப்புறம் பேனா தடுமாறவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சில இரவுகளில் குருவின் குரல் கேட்கும். அப்படி ஒரு நடுராத்திரியில் 14416-ஐ அழைத்தேன். அரசின் மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். தமிழில் பொறுமையாகப் பேசினார்கள். மறுநாள் காலை அதை உங்களிடம் சொன்னபோது அப்பத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டது: “சாப்பிட்டியாத்தா?”

இத்தனை நாளில் ‘எப்படி ஏமாந்தே?’ என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உறவுக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கடைசி இரண்டு வருஷம் வெளியே வராமல் அங்கேயே கிடந்தேன்.

அக்கா, வருகிற சனிக்கிழமை ஒரு பெண்ணைக் கூட்டி வருகிறேன். பக்கத்துத் தெருவுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அவளும் வெள்ளைதான் உடுத்துகிறாள். எங்கேயிருந்து வந்தாள் என்று கேட்க வேண்டாம். என்ன கலர் வேணும் என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும்.

அன்புடன்,
கத்தரிப்பூக் கூடைக்காரி
மதுரை