விளையாடுறது ஆர்?

ஒரு ஒன்லைன் கேமை இறக்கினால் நீளமான விதிமுறை ஒன்று வரும். அதை முழுக்க வாசிச்ச ஒருத்தரை நாங்கள் இன்னும் சந்திக்கேல்லை. ஆனால் வருசக்கணக்காய் வளர்த்த கணக்கை ஒரே நாளில் தடைசெய்யிற அதிகாரம் அந்தப் பத்திகளுக்குள்ளதான் இருக்கு.

வெளியார் செய்த மென்பொருளைக் கேமோடு சேர்த்துப் பாவிச்சால் அது விதிமீறலா? எங்களுக்குள்ள இது முடியாத சண்டை. "எழுதினதை மீறினால் மீறல்தான்" என்று ஒரு பக்கம். "எல்லாரும்தானே பாவிக்கினம்" என்று மற்றப் பக்கம்.

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்டுக்கு கிளைடர் என்றொரு பொட் இருந்தது. நீங்கள் நித்திரை கொண்டாலும் அது உங்களுக்காக அரக்கர்களைக் கொன்று லெவல் ஏத்தும். ஏறத்தாழ 120,000 உரிமங்கள் விற்றது. பிளிசார்ட் கொம்பனியோடு வழக்கு வந்தது. 2010 டிசம்பரில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது முக்கியமானது: பொட் பாவிக்கிறது ஒப்பந்த மீறல், ஆனால் அதுக்காகவே அது காப்புரிமை மீறல் ஆகாது. கேமின் காவல் மென்பொருளான வார்டனுக்குத் தப்பிப் போறதுக்காகத்தான் கிளைடர் சட்டத்தில் மாட்டினது. ஆகவே விதிமுறையை மீறுறதும் சட்டத்தை மீறுறதும் ஒன்றில்லை.

அதே கேம் அட்ஒன்களை அனுமதிக்குது. ஆனால் சண்டையில் ஆரைக் குணப்படுத்திறது, எந்த மந்திரத்தைப் போடுறது என்று தானாகவே தெரிவுசெய்த அட்ஒன்களை 2006 கடைசியில் வந்த அப்டேட் முடக்கினது. தகவல் காட்டலாம், முடிவெடுக்கக்கூடாது. இந்தக் கோடு எங்களுக்கு நியாயமாகப் படுகுது.

எங்களில் ஒருத்தருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டம். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில், தரையில் விழுற பொருட்களின் பேரைத் தனக்குத் தெரியிற நிறத்தில் மாத்திக் காட்டுற ரூன்லைட் இருக்கிறதாலதான் அவர் விளையாடுறார். அந்த ரூன்லைட்டையும் 2018இல் ஜாகெக்ஸ் கொம்பனி நிப்பாட்டப் பார்த்தது. வீரர்கள் எதிர்த்தபிறகு இறங்கிவந்தது. 2021 செப்டெம்பரில், ஒருவர் ஏறத்தாழ இரண்டு வருசம் உழைச்சுச் செய்த 117எச்டி என்ற காட்சி மேம்பாட்டையும் வெளியிடுறதுக்குச் சற்று முன்னர் நிறுத்தச் சொன்னது. தாங்களும் அப்படியொன்று செய்யிறம் என்பது காரணம். திரும்பவும் எதிர்ப்பு, சில நாட்களில் இணக்கம். அந்தக் கருவி ஆரையும் ஏமாத்தேல்லை. அங்க நடந்தது நேர்மை பற்றின சண்டை இல்லை, கேம் ஆருக்குச் சொந்தம் என்ற சண்டை.

அப்ப "காட்டுறது சரி, விளையாடுறது பிழை" என்று முடிச்சுவிடலாமா? முடியாது. ஃபைனல் ஃபான்டசி 14 எல்லா வெளிக்கருவிகளையும் தடைசெய்யுது. 2023 ஜனவரியில், ஒமேகா புரொட்டொக்கோல் என்ற கடினமான சண்டையை உலகில் முதலில் முடிச்ச குழு, கமெராவை அளவுக்கு மீறித் தூரமாக்கிற கருவியைப் பாவிச்சது வெளிவந்தது. அவர்களை உண்மையான முதலிடமாக ஏற்கமாட்டன் என்று இயக்குநர் நவோகி யோஷிதா பகிரங்கமாக எழுதினார். அந்தக் கருவி விளையாடேல்லை, காட்டினது மட்டும்தான். ஆனால் அதே ஓட்டத்தில் விதியை மதிச்சு ஓடின மற்றக் குழுக்களுக்கு அந்தக் காட்சி கிடைக்கேல்லை.

ஆகவே ஒரு கருவியைப் போடமுதல் மூன்று கேள்வி கேட்கலாம். விதிமுறை என்ன சொல்லுது? கணக்குப் போகுமா இல்லையா என்பதுக்கு அதுதான் பதில், எல்லாரும் பாவிக்கினம் என்பது பதிலில்லை. அடுத்தது, விளையாடுறது நானா, கருவியா? கடைசியாக, எனக்கு எதிரே நிக்கிறவரிடம் இல்லாத எதை இது எனக்குத் தருது?

கொம்பனிகளுக்கும் ஒரு கேள்வி இருக்கு. "எல்லாம் தடை" என்று எழுதிவிட்டு, விரும்பின நேரம் விரும்பின ஆளை மட்டும் பிடிக்கிற விதி ஆரைக் காப்பாத்துது? நிறம் தெரியாத எங்கட நண்பரும் நித்திரையில் லெவல் ஏத்துறவரும் அந்த ஒரு வரிக்குள்ள ஒரே குற்றவாளிகள். எது சரி, எது பிழை என்று பிரிச்சு எழுதுறது கஷ்டமான வேலைதான். ஆனால் அது விதி எழுதிறவையின்ர வேலை.