எக்ஸ்ரே சுத்தமா இருக்குல்லா?

டிபி என்றால் நமக்கு இருமல்தான் ஞாபகம் வரும். சளி, எலும்பும் தோலுமாக ஒரு பழைய சினிமா கதாநாயகன், தாம்பரம் சானடோரியம். கண்ணை யாரும் நினைப்பதில்லை.

1880-ல் பர்மிங்ஹாமில் ஹென்றி ஈல்ஸ் என்ற டாக்டர், நன்றாக இருந்த இளைஞர்கள் சிலருக்குக் கண்ணுக்குள் ரத்தம் கசிவதைப் பார்த்து எழுதிவைத்தார். அவர்களுக்கு மலச்சிக்கலும் மூக்கில் ரத்தம் வடிவதும் இருந்ததாம். மலச்சிக்கலை இன்றைக்கு யாரும் கண்டுகொள்வதில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது, ஈல்ஸ் நோய். இங்கிலாந்தில் இப்போது அபூர்வம். நம் நாட்டில் அப்படி இல்லை.

கடையநல்லூரில் என் நண்பரின் மகனுக்கு வந்தது அதுதான். வயது இருபத்தாறு. வளைகுடாவிலிருந்து லீவில் வந்த பையன். வலி இல்லை, சிவப்பு இல்லை. ஒரு காலையில் வலது கண்ணுக்கு முன்னால் ஒட்டடை தொங்குகிற மாதிரி இருந்திருக்கிறது. திருநெல்வேலியில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சு எக்ஸ்ரேயும் கையில் மாண்டூ ஊசியும் எழுதிக் கொடுத்தார்.

நண்பர் ஆடிப்போய்விட்டார். "அண்ணாச்சி, டிபின்னு பேரு வந்தா விசா போச்சு. பொண்ணு வேற பேசி வச்சிருக்கோம். பேசாம அனுப்பி விட்டுருவோம், அங்க போய்ப் பாத்துக்கிடட்டும்."

அவர் பயம் பொய்யில்லை. விசா மெடிக்கலில் முதலில் பார்ப்பதே மார்பு எக்ஸ்ரேதான். ஆனால் இது தொற்றுகிற வியாதியே இல்லை. விழித்திரையின் ஓரத்து ரத்தக்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்கின்றன. ரத்தம் போகாத இடத்துக்குப் புதுக்குழாய்கள் முளைக்கின்றன. கட்டுமானம் மட்டம், சட்டென்று உடைந்து ஒழுகும். பெரும்பாலும் அடுத்த கண்ணுக்கும் வரும்.

டிபிக்கும் இதற்கும் என்ன உறவு? சென்னை சங்கர நேத்ராலயா ஆராய்ச்சியாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஈல்ஸ் நோயாளிகள் 23 பேரின் விழித்திரை மேல் படர்ந்த சவ்வைச் சோதித்தார்கள். 11 பேரிடம் டிபி கிருமியின் மரபணுத் தடயம். மற்றவர்கள் 27 பேரில் 3 பேரிடம்தான். கிருமி அங்கே குடித்தனம் நடத்துகிறது என்பதைவிட, அதன் மிச்சத்தைப் பார்த்து உடம்பே சண்டை போடுகிறது என்பதுதான் பலரின் கணிப்பு. பி.காம். படித்த எனக்கு இது பழைய பாக்கி மாதிரிப் புரிந்தது.

அதனால் டிபி மாத்திரை எல்லோருக்கும் வேண்டுமா என்பதில் டாக்டருக்கு டாக்டர் அபிப்பிராயம் மாறும். வேறு எங்கும் டிபி இல்லை என்றால் ஸ்டீராய்டும் லேசரும் போதும் என்கிறவர்கள் உண்டு. மாண்டூவும் முடிவான சாட்சி இல்லை. நம் ஊரில் பாதிப் பேருக்குக் கை வீங்கும். ஆனால் ஸ்டீராய்டு தொடங்கும் முன் டிபி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். உள்ளே கிருமி தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிட்டுவிடும். அந்த எக்ஸ்ரே எதற்கு என்று அப்போதுதான் நண்பருக்கு விளங்கியது.

"எக்ஸ்ரே சுத்தமா இருக்குல்லா?" என்று மூன்று தடவை கேட்டார். சுத்தம்தான். டிக்கெட்டை ரத்து செய்தார்கள், பணத்தில் பாதி போயிற்று. ஸ்டீராய்டு மாத்திரை, இரண்டு தடவை லேசர். ரத்தம் தானாகக் கரைய ஆறு வாரம். கரையாவிட்டால் ஆபரேஷன் என்றிருந்தார்கள், தேவைப்படவில்லை.

பையன் திரும்பிப் போய்விட்டான். தினமும் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு காலண்டர் தேதியை வாசிக்கிறானாம். அப்புறம் மறு கண்.