கல்லல்ல, கட்டில்!

மேடையேறிப் பேசிப் பழகிய நாக்கு என்னுடையது. மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறிப்போம் என்று முழங்கியிருக்கிறேன், கைதட்டலும் பெற்றிருக்கிறேன். ஆனால், நான் வழக்கமாகப் பேசும் மேடைக்கும் என் தங்கை வீட்டுத் திண்ணைக்கும் இடையே இருநூறு அடிதான் தொலைவு. அந்த இருநூறு அடியை என் பேச்சு கடக்கவில்லை. கடந்திருந்தால், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இன்றும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாள். இந்தப் பிழையை முதலில் ஒப்புக்கொண்டுதான் மற்றதை எழுத வேண்டும்.

2023 ஆம் ஆண்டு, ஆவணித் திங்கள். விழுப்புரம் மாவட்டத்தில், நெல்லும் கரும்பும் விளையும் எங்கள் சிற்றூர். புழுக்கம் தாளாமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள் என் தங்கை மகள். நள்ளிரவுக்குப் பின் வயிறு வலிக்கிறதென்று அழுதாள். பாட்டி ஓமநீர் கொடுத்தார். சிறிது நேரத்தில் இமைகள் சரிந்தன, பேச்சுக் குழறியது. விளக்கைப் போட்டுப் பாயைப் புரட்டியபோது, கரிய உடலில் வெள்ளைக் கட்டுகளோடு சுவரோரம் நெளிந்தது கட்டுவிரியன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கே? மருத்துவமனைக்கா? இல்லை, அடுத்த தெருவில் மந்திரிப்பவர் வீட்டுக்கு! வேப்பிலை அடித்தார், திருநீறு பூசினார். இரண்டு மணி நேரம் கரைந்தது. நான் அன்றிரவு வெளியூர்க் கூட்டத்தில் பகுத்தறிவு பேசிக்கொண்டிருந்தேன். அரசு மருத்துவமனையின் வாயிலை அவர்கள் எட்டியபோது குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டிருந்தது.

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியிருப்பதில்லை, வீக்கமும் இருப்பதில்லை. உறங்குகிறவருக்குக் கடிபட்டதே தெரியாது. வயிற்று வலி, சரியும் இமை, குழறும் நாக்கு. பிறகு மூச்சுத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். இவையெல்லாம் எனக்குத் தெரியும். நூலில் படித்திருந்தேன். கடவுள் உண்டா என்று ஊரைக் கேட்டேனே தவிர, உங்கள் வீட்டில் கட்டில் உண்டா என்று ஒரு நாளும் கேட்டதில்லை!

ஓராண்டு உருண்டது. நினைவு நாள் நெருங்கியபோது படிப்பகத்து இளைஞர்கள் என்னிடம் வந்தார்கள். தெருமுனையில் நினைவுக்கல் நாட்டலாம் என்றார் ஒருவர். உருவப்படம் திறக்கலாம் என்றார் மற்றொருவர். நானும் தலையசைத்தேன். வாசற்படியில் முறத்தோடு அமர்ந்திருந்த என் தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணா, அவள் தரையில் படுத்துத்தானே செத்தாள்? கல் எதற்கு? இருக்கிற பிள்ளைகளுக்குக் கட்டில் வாங்கிக் கொடுங்கள்."

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடியும் முறத்தில் கை வைத்தாள்.

மறுநாளே வீடு வீடாகப் போனோம். எங்கள் பகுதியில் 112 வீடுகள். அவற்றில் 61 வீடுகளில் பிள்ளைகள் தரையில்தான் படுக்கிறார்கள். இந்தக் கணக்கை எடுக்க எங்களுக்கு ஒரு மாலைப் பொழுதே போதுமானதாக இருந்தது. அந்த ஒரு மாலையை எத்தனை ஆண்டுகளாக ஒதுக்காமல் இருந்தோம் என்று எண்ணியபோது வெட்கம் என்னைத் தின்றது.

எழுவர் கொண்ட குழு அமைந்தது. மூன்று விதிகள் வகுத்தோம். ஒரு ரூபாய் கொடுத்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. யார் எவ்வளவு கொடுத்தார் என்று மேடையில் படிப்பதில்லை. பத்து ரூபாய் கொடுத்தவர் தலைகுனியவும், பத்தாயிரம் கொடுத்தவர் தலைநிமிரவும் அன்று இடமில்லை. வரவும் செலவும் படிப்பகச் சுவரில் எல்லாருடைய கண்ணிலும் படும்படி எழுதப்படும். மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் செலவைக் குழுவினரே ஏற்றுக்கொண்டோம். நினைவு நிதியில் ஒரு காசும் அதற்குப் போகக் கூடாது.

2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளிர் சுயஉதவிக் குழுவினர் இட்லிக் கடையும் சுண்டல் கடையும் போட்டார்கள். அந்தச் சிறுமியோடு படித்த பிள்ளைகள், பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை நாடகமாக நடித்தார்கள். இறுகக் கட்டாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108 வண்டியை அழைத்து, மருத்துவமனைக்குப் போ! நான் பத்து மேடைகளில் சொல்லத் தவறியதை அந்தப் பிள்ளைகள் பத்தே நிமிடத்தில் சொல்லி முடித்தார்கள். பாட்டி தம் தோட்டத்துப் பூசணிக்காயைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏலத்தில் அது கைமாறிக் கைமாறி 4,100 ரூபாய் வரை போயிற்று. கடைசியில் எடுத்தவரும் அதைப் பாட்டியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தி சாயும் நேரம். நிதி கொடுப்போர் வரிசையின் கடைசியில் ஓர் உருவம். மந்திரிப்பவர்! கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்.

சீட்டெழுதிக்கொண்டிருந்த இளைஞர் எழுந்துவிட்டார். "இந்தப் பணம் எங்களுக்கு வேண்டாம்!" என்று கத்தினார். கூட்டம் அடங்கியது. என் நெஞ்சிலும் அதே நெருப்புத்தான். உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தாளைக் கிழித்து அவர் முகத்தில் எறிய என் கை துடித்தது. அதற்குள் என் தங்கை வந்தாள். இளைஞரின் கையிலிருந்த சீட்டுப் புத்தகத்தை வாங்கினாள். அவர் பெயரை எழுதினாள்; சீட்டைக் கிழித்து நீட்டினாள்.

"பணத்தை வாங்கிக்கொண்டோம், ஐயா. நீங்கள் என் பிள்ளைக்குக் கெடுதல் நினைக்கவில்லை, உங்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. இனி இரவில் யாராவது உங்கள் கதவைத் தட்டினால், நீங்களே வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எனக்கு அது போதும்."

முதியவர் ஒன்றும் பேசவில்லை. சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டு நடந்தார்.

அன்றிரவு இளைஞர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "இது கொள்கையை விட்டுக்கொடுப்பது அல்லவா?" என்று கேட்டார்கள். நான் சொன்னேன்: மந்திரம் பலித்ததாக ஊர் ஏன் நம்புகிறது? நம்மைச் சுற்றியுள்ள பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நஞ்சுள்ள பாம்பும் சில வேளை நஞ்சைச் செலுத்தாமலே கடித்துவிட்டுப் போகும். இவற்றால் கடிபட்டவர் மந்திரம் இல்லாமலும் பிழைப்பார். பெயர் மட்டும் மந்திரத்துக்குப் போய்ச் சேரும். இதைப் பகையோடு சொன்னால் மந்திரிப்பவரின் காது அடைபடும். அப்போதும் நள்ளிரவில் மக்கள் தட்டப்போவது அவருடைய கதவைத்தான். அந்தக் கதவிலிருந்து மருத்துவமனைக்கு ஒரு வழி போடுவது விட்டுக்கொடுப்பதாகுமா?

மருந்து எங்கிருந்து வருகிறதென்றும் அவர்களுக்குச் சொன்னேன். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே முறிவு மருந்துதான். நஞ்சைச் சிறுசிறு அளவில் குதிரையின் உடலில் செலுத்தி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்கிறார்கள். அந்த நஞ்சை எடுத்துத் தருகிறவர்கள் யார்? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978 இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்த இருளர் மக்கள்! ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களின் கைத்திறன்தான் நாட்டின் உயிரைக் காக்கிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நஞ்சேறிய அறிகுறி தெரிந்தால் தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி மருந்து ஏற்றுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் அதற்குக் கட்டணம் இல்லை. மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார். இடையே வீணாகும் மணித்துளிகளே உயிரைக் குடிக்கின்றன.

இது எங்கள் ஒரு தெருவின் துயரமா? 2020 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டதாக மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. அவர்களில் கால் பங்குக்கும் மேற்பட்டோர் பதினைந்து வயது நிரம்பாத பிள்ளைகள். இறந்தவர் பெரும்பாலும் சிற்றூர்வாசிகள். உழுகிறவர், நடுகிறவர், தரையில் உறங்குகிறவர். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எண்ணிக்கை தெரிந்தால்தான் மருந்து எங்கே எவ்வளவு தேவை என்பது தெரியும். நல்ல தொடக்கம்!

படிப்பகச் சுவரில் நாங்கள் எழுதிய கணக்கு இது. வரவு 86,340 ரூபாய். கயிற்றுக் கட்டில் 24, விலை 33,600. கொசுவலை 90, விலை 31,500. கைவிளக்கு 40, விலை 10,000. மீதி 11,240, இரவில் நோயாளியைக் கொண்டுசெல்லும் வண்டிச் செலவுக்கு வைப்பு. 61 வீட்டுக்கும் 24 கட்டில் போதாதென்று தெரியும். அதனால்தான் வலை. கொசுவுக்கென்று செய்யப்பட்டதுதான், ஆனால் நான்கு ஓரத்தையும் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால், ஊர்ந்து வருவதையும் அது தடுக்கும்.

அதற்குப்பின் மந்திரிப்பவர் இருவரைத் தம் வண்டியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். ஒருவரைக் கடித்தது நஞ்சற்ற பாம்பு. மற்றவர் கரும்பு வெட்டும் தொழிலாளி; கண்ணாடி விரியன் கடி. மருந்தேற்றினார்கள், பிழைத்தார். தலைவலிக்கு அவர் இன்னமும் வேப்பிலை அடித்துக்கொண்டுதான் இருக்கிறார். அதைப் பற்றிப் பேசுவதற்குக் காலம் இருக்கிறது. பாம்புக்கடிக்கு அந்தக் காலம் இல்லை.

முதற்கட்டிலை என் தங்கை வீட்டுக்கே கொடுக்கலாம் என்றார்கள். அவள் மறுத்துவிட்டாள். மகளோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்த தோழியின் வீட்டுக்கு அதைத் தானே ஒரு முனை பிடித்துத் தூக்கிக்கொண்டு போனாள். மறுமுனையை நான் பிடித்திருந்தேன். வழியெல்லாம் இருவரும் பேசவில்லை.

தோழர்களே! உங்கள் ஊரிலும் மறைந்த குழந்தையின் பெயரால் விழா எடுக்க நினைப்பீர்கள். எடுங்கள். ஆனால், கல்தச்சரைத் தேடுவதற்கு முன்னால் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கித் தெருத் தெருவாகப் போய்க் கேளுங்கள்: உங்கள் பிள்ளை இரவில் எங்கே படுக்கிறது?