தாரைவார்த்த கார்டு

செம்பூரில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். சூரத் மில்களுக்குப் புடவை பார்டர் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. அதற்கு விண்டோஸ் வேண்டும். கல்லூரியில் படிக்கும் மகளுக்கோ லினக்ஸ். ஒருவர் எழுந்தால்தான் மற்றவர் உட்கார முடியும். தினம் ஒரு சண்டை.

கடைசியில் ஒரு சமரசம். லினக்ஸுக்குள்ளேயே கேவிஎம் மூலம் மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி, அதில் விண்டோஸைக் குடிவைத்தாள் மகள். எனக்கென்று தனித் திரை, தனி கீபோர்டு. ஓடியது, ஆனால் நொண்டியது. படம் வரையும் பாரமெல்லாம் பிராசஸர் தலையில். கோடு இழுத்தால் மூச்சு வாங்கி வந்து சேரும்.

தன் சேமிப்பில் லேமிங்டன் ரோட்டில் பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி வந்தாள். பயாஸில் ஐஓஎம்எம்யூவை இயக்கினாள். 2012இல் லினக்ஸில் சேர்ந்த விஎஃப்ஐஓ வழியாகக் கார்டை என் விண்டோஸுக்கே எழுதிவைத்தாள். கார்டிலுள்ள ஒலிப் பகுதியையும் சேர்த்தே தரவேண்டியிருந்தது. அவள் திரைக்கு பிராசஸரிலேயே உள்ள கிராஃபிக்ஸ்தான். என் கோடுகள் வழுக்கிக்கொண்டு ஓடின.

சென்ற மாதம் அவளுக்கு முப்பரிமாண புராஜெக்ட். திரை திணறியது. நான் விண்டோஸை மூடினேன். பயனில்லை. கம்ப்யூட்டர் விழிக்கும்போதே கார்டை விஎஃப்ஐஓ பிடித்துக்கொள்ளும்படி செய்திருந்தாள்; லினக்ஸ் அதைத் தொடாது.

"மாற்றிக்கொள்ளேன்" என்றேன்.

"வேண்டாம்ப்பா. உங்க வேலைக்குன்னு கொடுத்தது."

அன்றிரவு என் நாற்காலியில் அவளை உட்காரவைத்தேன். புராஜெக்ட் விண்டோஸிலேயே முடிந்தது.